மச்சான் பிடித்த கயிறு

மன்னார் வளைகுடா மணலில் பாதி புதைந்து கிடக்கும் சங்கு, வங்காளத்து மணப்பெண்ணின் கையில் வளையலாக ஏறுவதற்குள் மதம் விட்டு மதம் கை மாறிவிடுகிறது.

தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிப்பவர்களில் முக்கியமானவர்கள் பரதவர்கள், 1530களில் கத்தோலிக்கம் தழுவியவர்கள். கீழக்கரைப் பக்கம் முஸ்லிம்கள். தோணியில் ஏற்றுவது பெரும்பாலும் சொந்தக்காரர்களைத்தான். இதைக் குறுகிய புத்தி என்று கரையில் நின்று சொல்லிவிடலாம். குளிகல்லோடு மூச்சடக்கி இறங்கிய காலத்தில், கீழே இருப்பவன் உயிர் மேலே கயிறு பிடிப்பவன் கையில் இருந்தது. அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவன் விடுவான்?

கரையேறிய சங்கை மரச்சட்டத் துளையில் விட்டுப் பார்ப்பார்கள். நழுவி விழுந்தால் குஞ்சு, கடலுக்கே திரும்பும். தேறியதைச் சதை அழுகும்வரை போட்டுவைத்துக் கழுவ வேண்டும். அந்த நாற்றத்தைத் தாண்டித்தான் அது கல்கத்தா வியாபாரியிடம் போனது.

பிறகு டாக்காவின் ஷாங்காரி பஜார். ஷாங்காரி என்றால் சங்கறுக்கும் இந்துச் சாதி. தெருவே அவர்கள் பேரில். தரையில் உட்கார்ந்து, சங்கைக் காலால் முட்டுக்கொடுத்து, கனத்த அரைவட்ட ரம்பத்தால் அறுத்தார்கள். அந்தக் கைப்பழக்கம் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்தது. சங்காசுரனை அந்த ரம்பத்தால் அறுத்தவர் அகத்தியர் என்று நம்பி, பாத்ர மாதக் கடைசியில் வேலையை நிறுத்தி அவரைக் கும்பிட்டார்கள். நம் பொதிகைமலை முனிவர் அங்கே சங்கறுப்பவர்களின் குலகுரு! பரம்பரைத் தொழில் என்ற பேச்சையும் கொஞ்சம் அடக்கித்தான் பேச வேண்டும். சங்க காலத்தில் தமிழ்நாட்டிலேயே சங்கறுத்தார்கள்; அகநானூறு காட்டும் ஆள் வேள்வி செய்யாத பார்ப்பான்.

ஒரே சனம் ஒரே தெருவில் இருந்தால் கடன் கிடைக்கும், வேலை கிடைக்கும், பிள்ளைக்குத் தொழில் கிடைக்கும். 1971 மார்ச் 26 அன்று பாகிஸ்தான் ராணுவத்துக்கும் அது வசதியாகப் போயிற்று. யார் இந்து என்று வீடு வீடாக விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. தெருவுக்குள் புகுந்து சுட்டார்கள். தப்பியவர்களில் பலர் எல்லை தாண்டினார்கள்.

வங்கதேச விடுதலைப் போர் முடிந்து திரும்பியவர்கள் அங்கேயே மறுபடி கடை திறந்தார்கள். ரம்பத்துக்குப் பதில் பல இடங்களில் மோட்டார் வந்துவிட்டது. சங்கு மட்டும் இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோதான் வந்தாக வேண்டும். அதைக் கடலிலிருந்து எடுத்துத் தர ஷாங்காரிகளில் ஆள் கிடையாது.