சாதனங்களுக்கான நினைவக முகவரி ஒதுக்கீடு

திரை அட்டை, நெட்வொர்க் அட்டை, வட்டுக் கட்டுப்படுத்தி போன்ற சாதனங்களின் பதிவகங்களைச் செயலி நினைவகத்தை அணுகுவது போலவே முகவரி சொல்லி அணுகுவதுண்டு. எந்தச் சாதனத்துக்கு எந்த முகவரி என்று முடிவுசெய்யும் பொறுப்பு முதலில் வன்பொருளை வடிவமைத்தவரிடம் இருந்தது. பின்பு பயனரின் கைக்கு வந்து, கடைசியில் ஃபர்ம்வேரிடமும் கெர்னலிடமும் சேர்ந்தது.

1970இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் கொண்டுவந்த பிடிபி-11 கணினியின் யூனிபஸ்ஸில் நினைவகமும் சாதனங்களும் ஒரே முகவரி வரிசையைப் பகிர்ந்துகொண்டன. வரிசையின் உச்சியிலிருந்த 8 கிலோபைட் சாதனங்களுக்கு உரியது. முகவரிகள் மாறாதவை என்பதால், 1975இல் வந்த யூனிக்ஸ் 6ஆம் பதிப்பில் முனையத்தின் முகவரியான 177560 (எண்ம முறையில்) டிரைவரின் மூலநிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் முகவரி வெளி மொத்தமே 1 மெகாபைட். 640 கிலோபைட் நிரல்களுக்குப் போக, மிச்சம் திரை நினைவகத்துக்கும் விரிவாக்க அட்டைகளுக்கும் பயாஸுக்கும் போனது. பல அட்டைகளின் முகவரியை ஜம்பர், டிப் ஸ்விட்ச் கொண்டு பயனரே அமைத்தார். இரண்டு அட்டைகள் ஒரே முகவரியில் விழுந்தால் இரண்டும் ஒருசேரப் பதில் சொல்லும், கணினி முடங்கும்.

1992இல் இன்டெல் அறிமுகப்படுத்திய பிசிஐ என்னும் பஸ்தான் உண்மையான திருப்பம். சாதனம் தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைத் தானே தெரிவிக்கத் தொடங்கியது. அதைக் கேட்கும் விதம் மிக அழகானது. சாதனத்தின் அடிமுகவரிப் பதிவகத்தில் 32 பிட்டுகளையும் 1 என்று எழுதி, உடனே திரும்பப் படிப்பார்கள். வகையைக் குறிக்கும் கடைசி 4 பிட்டுகளை விலக்கிப் பார்க்கையில் கீழ் 20 பிட்டுகள் 0 என்று இருந்தால், தேவை 1 மெகாபைட். அளவு எப்போதும் இரண்டின் அடுக்கு. தொடக்க முகவரியும் அந்த அளவால் மீதமின்றி வகுபட வேண்டும். ஆகவே லினக்ஸ் கெர்னல், தானே இடம் ஒதுக்க நேரும்போது, பெரிய கோரிக்கைகளை முதலில் அமர்த்துகிறது. பிசிக்களில் பெரும்பாலும் ஃபர்ம்வேர் முதல் ஒதுக்கீட்டைச் செய்துவிடும். கெர்னல் அதைச் சரிபார்த்து, மோதல் இருந்தால் மாற்றும்.

இடம் கிடைத்ததோடு வேலை முடிவதில்லை. கெர்னல் அந்தப் பகுதியைத் தன் மெய்நிகர் முகவரி வெளியில் இணைக்க வேண்டும். பதிவகங்களைப் பொறுத்தவரை கேஷ் பயன்படுத்தாதபடி இணைக்க வேண்டும். கேஷிலிருந்து படித்தால் சாதனத்தின் பழைய நிலைதான் தெரியும்.

32 பிட் முகவரிகளின் காலத்தில் 4 ஜிபி நினைவகம் பொருத்தியவர்கள் ஏறக்குறைய 3 ஜிபியை மட்டும் கண்டதற்கு இந்த ஒதுக்கீடே முதன்மைக் காரணம்; 4 ஜிபிக்குக் கீழே சாதனங்களுக்கும் இடம் விட வேண்டியிருந்தது.

ஏஆர்எம் சில்லுகளில் உட்பொதிந்த சாதனங்கள் பலவற்றைக் கேட்டறிய வழியில்லை. பலகைக்கு ஒரு நிரல்கோப்பு என்று லினக்ஸில் குவிந்ததை 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்தார். அதன்பின் முகவரிகளைத் தனித் தரவாக எழுதித்தரும் டிவைஸ் ட்ரீ அங்கே வழக்கமானது. அதன் வேர் சன் நிறுவனத்தின் ஓப்பன் ஃபர்ம்வேரில் இருக்கிறது.

திரை அட்டைகளின் நினைவகம் பல ஜிபியாக வளர்ந்த பின்னும், செயலிக்குத் தெரியும் சன்னல் பெரும்பாலும் 256 மெகாபைட்டாகவே இருந்தது. அளவை மாற்றத்தக்க அடிமுகவரிப் பதிவகம் அந்தத் தடையை நீக்கியது. 2020இல் ஏஎம்டி அதைப் பரவலாக அறியச் செய்தது. சன்னலைப் பெரிதாக்க, அட்டைக்கு மேலுள்ள, பஸ்களை இணைக்கும் பாலங்களின் முகவரி வரம்பையும் கெர்னல் விரிக்க வேண்டும். பக்கத்துச் சாதனம் இடம் மறித்தால் அந்த முயற்சி தோற்கும்.