குடும்ப மன அழுத்தமும் குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்களும்

இரண்டு, மூன்று வயதுக் குழந்தை அடம்பிடித்துத் தரையில் புரண்டு அழுவது வளர்ச்சியின் இயல்பான பகுதியாகும். அடித்தல், பொருள்களை உடைத்தல், பொய், திருட்டு, ஓயாத எதிர்ப்பு ஆகியவை வயதுக்கு மீறிய அளவில் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, வீட்டிலோ பள்ளியிலோ இடையூறு விளைவித்தால் அவை நடத்தைச் சிக்கல்களாகக் கருதப்படும்.

அழுத்தம் குழந்தையை எவ்வாறு சென்றடைகிறது?

குடும்பத்தின் பணக்கவலை பெரும்பாலும் பெற்றோரின் வழியாகவே குழந்தையைப் பாதிக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1980களில் வேளாண் நெருக்கடி ஏற்பட்டது. அங்குள்ள ஊர்ப்புறக் குடும்பங்கள் 451-ஐ ராண்ட் காங்கர் குழுவினர் 1989 முதல் ஆராய்ந்தனர். பொருளாதார நெருக்கடி பெற்றோரிடம் மனச்சோர்வையும் பூசலையும் உண்டாக்குகிறது; அதனால் பிள்ளை வளர்ப்பில் கடுமை கூடி, அரவணைப்பு குறைகிறது; அதன் விளைவு பிள்ளையிடம் வெளிப்படுகிறது என்று அவர்கள் விளக்கினர்.

விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் வட்டாரங்களில் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றனர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு எனக் கூலி கணக்கிடப்படுவதால், குழந்தைக்காக எழும் ஒவ்வொரு முறையும் வருமானம் குறைகிறது. இரவு ஷிப்ட் முடித்த தந்தை பகலில் உறங்கும்போது, விளையாடும் பிள்ளையின் சத்தமும் குற்றமாகிவிடுகிறது. தாய் மறுப்பதை ஆச்சி அனுமதித்தால் குழந்தை குழப்பமடைகிறது. இவை எவருடைய தீய எண்ணத்தாலும் நிகழ்பவை அல்ல.

சுழலாக மாறும் விதம்

கைப்பேசி கேட்டுக் குழந்தை அலறுகிறது. கணக்கு முடிக்க வேண்டிய தாய் கொடுத்துவிடுகிறார். அலறினால் கிடைக்கும் என்று குழந்தையும், கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று தாயும் கற்றுக்கொள்கின்றனர். மறுநாள் தாய் அடிக்கிறார். குழந்தை சற்று நேரம் அடங்குகிறது. அடுத்த முறை இருவரின் கோபமும் கூடுகிறது. பிள்ளையின் நடத்தை பெற்றோரின் அழுத்தத்தையும், அந்த அழுத்தம் பிள்ளையின் நடத்தையையும் வளர்க்கின்றன. எனவே பெற்றோரின் சுமையைக் குறைப்பதும் குழந்தைக்கான சிகிச்சையின் பகுதியே.

பெற்றோர் செய்யக்கூடியவை

• நாள்தோறும் பத்து நிமிடங்கள் வேலையை நிறுத்திவிட்டு, குழந்தை விரும்பும் விளையாட்டில் சேர்ந்துகொள்ளுங்கள்.
• நல்ல செயலை உடனே பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்: "தம்பிக்கு விட்டுக் கொடுத்தாயே, நல்லது."
• இரண்டு அல்லது மூன்று விதிகள் போதும். வீட்டுப் பெரியவர்கள் அனைவரும் அவற்றையே பின்பற்றுங்கள்.
• அலறலுக்கு இணங்குவதை நிறுத்தியதும் சில நாட்கள் அலறல் கூடலாம். உறுதியாக இருந்தால் படிப்படியாகக் குறையும்.
• கோபம் மிகும்போது, குழந்தை பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு சற்று விலகி நில்லுங்கள்.
• அடிப்பது அச்சத்தைத் தருமேயன்றி நல்ல பழக்கத்தைக் கற்பிக்காது.

மருத்துவ உதவி எப்போது தேவை?

நடத்தைச் சிக்கல்கள் அனைத்துக்கும் குடும்பச் சூழலே காரணமன்று. கேட்கும் திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு ஆகியவையும் இவ்வாறு வெளிப்படலாம். குழந்தை தன்னையோ பிறரையோ காயப்படுத்தினாலும், பள்ளி செல்ல மறுத்தாலும், பேச்சு, உறக்கம், உணவில் திடீர் மாற்றம் தெரிந்தாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுகுங்கள். பெற்றோருக்குத் தொடர் மனச்சோர்வு, மதுப்பழக்கம் அல்லது வீட்டில் வன்முறை இருந்தால் அவற்றுக்கும் உதவி பெறுவது அவசியம்.

உதவி பெறும் இடங்கள்

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகலாம். மேல் சிகிச்சைக்குத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உள்ளது. அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழுவினரிடமும் தெரிவிக்கலாம்.

டெலி மானஸ் மனநல ஆலோசனை: 14416 (24 மணி நேரமும், கட்டணமின்றி)
குழந்தைகள் உதவி எண்: 1098
பெண்கள் உதவி எண்: 181