எல்லை சொல்லும் உறுதி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு காணியின் உருவத்தை நெடுங்காலம் சுமந்தது எழுத்துத்தான். போர்த்துக்கேயரும், 1658 முதல் ஒல்லாந்தரும், காணியையும் உடையவரையும் வரிக்காகத் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்தார்கள். நொத்தாரிசுமார் எழுதிய உறுதிகளும் சொல்லாலேயே காணியைக் காட்டின: காணிப் பெயர், இத்தனை பரப்பு, கிழக்கு இன்னாருடைய வளவு, வடக்கு ஒழுங்கை, மேற்கும் தெற்கும் இன்னின்னார் காணி, பங்குக் கிணறு, வழிவாய்க்கால் உரித்து. படம் வரையத் தெரியாத காலத்தின் குறை என்று இதைத் தள்ளிவிடுவது தவறு. அயல் என்ற உறவுக்கு இங்கே சட்டத்திலும் கனம் இருந்தது. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை, காணி விற்கும்போது உரிமைக்காரருக்கும் பங்காளிக்கும் மட்டுமல்ல, அதை ஈடு பிடித்திருந்த அயற்காணிக்காரருக்கும் முதலில் வாங்கும் உரித்தைக் கொடுத்தது. அயலாரின் அந்த உரித்தை 1947ஆம் ஆண்டுச் சட்டந்தான் நீக்கியது.

எது எதை ஒட்டியிருக்கிறது என்று எழுத்தில் சொல்லிவிட்டால், படம் அதிலிருந்தே பிறக்கும். பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான கிராப்விஸ் என்ற மென்பொருள் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. ஒரு வளவின் பெயர், இரண்டு சிறு கோடு, அடுத்த வளவின் பெயர் என்று வரிவரியாகக் கோப்பில் எழுதி, அவற்றை 'graph' என்ற சொல்லுக்குப் பின் நெளிவு அடைப்புக்குறிக்குள் இட்டு, கட்டளை வரியில் 'நீட்டோ' என்று தட்டி, எஸ்விஜி என்ற பட வடிவம் வேண்டும் என்ற குறிப்பையும் கோப்புப் பெயர்களையும் கொடுத்தால் போதும். இணையத்தில் இடக்கூடிய படம் வந்துவிடும். எஸ்விஜியில் எழுத்து எழுத்தாகவே இருப்பதால், காணிப் பெயரைத் தமிழிலேயே தேடலாம். இதில் பெரிய பயன் ஒன்றுண்டு. என் கிழக்கு எல்லை உங்கள் வளவு என்றால், உங்கள் மேற்கு எல்லை என் வளவாக இருக்கவேண்டும். ஒவ்வொரு உறவும் இரண்டு உறுதிகளில் பதிவாகிறது. ஒன்றில் மட்டும் இருக்கும் கோட்டுக்கு வேறு நிறம் கொடுத்தால், பிணக்கு எங்கே என்று பார்த்தவுடன் தெரியும்.

இந்தப் படத்தில் அளவு இல்லையே, கிழக்கு எது என்றுகூட நீட்டோவுக்குத் தெரியாதே என்று நில அளவையாளர் கேட்பார். உண்மைதான். வேலிக் கதியாலை எங்கே ஊன்றுவது என்பதை அவருடைய சங்கிலியும் கருவியுமே சொல்லும். ஆனால் எந்த இரண்டு காணிக்கு நடுவில் ஊன்றுவது என்பதை உறுதிதான் சொல்லும். வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள் பல்லாண்டு கழித்துத் திரும்பியபோது, பல இடங்களில் வேலியும் வீடும் இருக்கவில்லை. அத்தகைய மண்ணில், அயலைச் சொல்லும் வாசகத்தை அளவை வரைபடத்துக்குக் கீழ்ப்பட்ட சான்றாக எண்ணுவது நியாயமில்லை.

உறுதியில் உள்ள அயலார் இறந்து, காணி முதுசமாகவும் சீதனமாகவும் கைமாறிப் பெயர்கள் பழசாகிவிடும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதற்கு இன்னொரு படம் வேண்டும். இன்ன உறுதியிலிருந்து இன்ன உறுதி வந்தது என்று அம்புக்குறியோடு எழுதினால், அதே மென்பொருளின் 'டாட்' கட்டளை தலைமுறைகளை மேலிருந்து கீழாக அடுக்கித்தரும். பழைய உறுதியில் அயலாராக நிற்கும் பெயரிலிருந்து அம்பு வழியே இறங்கினால், இன்றைய உரிமையாளரை அடையலாம்.