கார்டா, கேட்வேயா?

அலுவலகத்தின் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சை (இபிஏபிஎக்ஸ்) கழற்றி எறியாமல் அதில் இணைய வழிக் குரல் அழைப்பை (விஓஐபி) சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. எக்ஸ்சேஞ்சைத் தயாரித்த கம்பெனியின் விஓஐபி கார்டை வாங்கி உள்ளே செருகலாம். அல்லது வெளியே ஒரு கேட்வே பெட்டியை வைத்து, அதிலிருந்து வரும் கம்பிகளை எக்ஸ்சேஞ்சின் வெளி லைன் போர்ட்டுகளில் கொடுக்கலாம். விலையை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் கேட்வேதான் ஜெயிக்கும்.

ஆனால் பேசி முடித்து வைக்கும்போது குட்டு வெளிப்படும். கார்டில் குரலும் சிக்னலும் டிஜிட்டலாகவே கைமாறுவதால், எதிர்முனை துண்டித்ததும் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்துவிடும். கேட்வேயோ சாதாரண டெலிபோன் லைனாக வேஷம் போடுகிறது. துருவத்தை மாற்றியோ, மின்னோட்டத்தைச் சற்று நிறுத்தியோ, பிஸி டோன் கொடுத்தோதான் அது 'வைத்துவிட்டார்கள்' என்று சொல்ல முடியும். அதைக் கண்டுகொள்ளும்படி எக்ஸ்சேஞ்சில் செட்டிங் இல்லாவிட்டால் லைன் பிடித்தபடியே கிடக்கும். அடுத்து அழைப்பவருக்கு எங்கேஜ்டு. எதிரொலித் தொல்லையும் இந்த வழியில்தான் அதிகம். டிஜிட்டல் குரல் இரண்டு கம்பிக்கு இறங்கும் இடத்தில் பேச்சின் ஒரு பங்கு பேசியவருக்கே திரும்பி வரும்.

கார்டின் சிக்கல் வேறு ரகம். காலி ஸ்லாட் வேண்டும். மெயின் கார்டின் மென்பொருள் அதை அடையாளம் காண வேண்டும். பல மாடல்களில் சேனல்களுக்கு லைசென்ஸ் தனி. பச்சை விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்று சில டெக்னீஷியன்கள் கிளம்பிவிடுகிறார்கள். அது பாதி வேலைகூட இல்லை. பழைய கார்டுகள் சில எச்.323 என்ற அழைப்பு நெறிமுறையை மட்டுமே அறிந்தவை. இன்றைய சேவைகள் கேட்பதோ எஸ்ஐபி.

நெட்வொர்க் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்: மாறாத ஐபி முகவரி, எஸ்ஐபிக்கு வழக்கமான 5060 போர்ட், குரலுக்குத் தனிப் போர்ட் வரிசை. ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்டால் முதலில் ரௌட்டரின் நாட் (ஐபி முகவரி மாற்ற) அமைப்பைப் பாருங்கள். ஜி.711 கோடெக்கின் வினாடிக்கு 64 கிலோபிட் குரல், தலைப்புத் தகவல்கள் சேர்ந்து ஈதர்நெட்டில் ஒரு திசைக்கு ஏறத்தாழ 87 ஆகும். ஜி.729 என்றால் 31 போதும்.

இரண்டு, நான்கு லைன் போதும் என்கிற கடைக்குக் கேட்வே சரி. கிளைகளுக்கிடையே எக்ஸ்டென்ஷன் எண்ணையே சுழற்றிப் பேச வேண்டிய நிறுவனத்துக்குக் கார்டுதான். எதுவானாலும் ஆர்டர் கொடுக்குமுன் எக்ஸ்சேஞ்சின் மூடியைத் திறந்து ஸ்லாட்டையும் மென்பொருள் பதிப்பையும் பாருங்கள். லைசென்ஸ் எத்தனை சேனலுக்கு என்பதை டீலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.