திருத்தும் கைக்கு யார் கூலி தருவது?

1840-ல் பிரிட்டனில் ஒரு பென்னி அஞ்சல்தலையை ஒட்டினால் கடிதம் நாடெங்கும் போகும் என்றானதும், ஐசக் பிட்மன் தன் சுருக்கெழுத்து முறையை ஒரே தாளில் அச்சிட்டுத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். கற்பவர்கள் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். பிழை திருத்தப்பட்டுத் தாள் திரும்பி வரும். ஒருவரால் திருத்தி மாளாது என்றானபோது, 1843-ல் அந்த வேலைக்கு ஒரு சங்கமே தேவைப்பட்டது. இணையவழிக் கல்வி வரை நீளும் தொலைநிலைக் கல்விக் கதையின் சிக்கல் இந்த மூன்றே ஆண்டுகளில் வெளிப்பட்டுவிட்டது. பாடத்தை அனுப்பும் செலவு தலைமுறைக்குத் தலைமுறை குறைந்தது. வந்த விடையைப் படித்துத் திருத்தும் செலவு அப்படிக் குறையவில்லை. இந்தக் கல்வி எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்று அறிய, இரண்டாவது செலவை யார் ஏற்றார்கள் என்று பார்த்தால் போதும்.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1963-ல் ஹெரால்டு வில்சன் முன்வைத்தது ஒலிபரப்பை நம்பிய ஒரு பல்கலைக்கழகம். 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர்களோடு படிப்பு தொடங்கியபோது பிபிசி நிகழ்ச்சிகள் அதில் ஒரு சிறு பகுதிதான். அச்சுப் பாடங்கள், ஒப்படைப்புகளைத் திருத்திய பகுதிநேர ஆசிரியர்கள், ஊர்களில் படிப்பு மையங்கள், பிற பல்கலைக்கழக வளாகங்களில் கோடைப் பள்ளிகள் ஆகியவையே சுமையைத் தாங்கின. சோதனைக் கருவிகள் பெட்டியில் வீட்டுக்கே போயின. இன்று கலப்புக் கற்றல் என்று புதிதுபோல் பேசப்படுவது, வீட்டில் கணினியே இல்லாத காலத்தில் இப்படி நடந்தது. நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்க, 1970-களில் மதுரையும் அண்ணாமலையும் அவ்வழியில் வந்தன. வேலையை விடாமல் பட்டம் வாங்க அது கதவு திறந்தது. அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் ஒப்படைப்பு வெறும் சடங்காகிப்போன இடங்களில், தேர்வுக்கு முந்தைய மாதம் கைடு வாங்கிப் புரட்டுவதே படிப்பாயிற்று.

இப்போது இயந்திரமே திருத்துகிறதே, பழைய கணக்கு ஏன் என்று கேட்கலாம். 2011-ல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஏறத்தாழ 1,60,000 பேர் இணையத்தில் பதிந்தார்கள். முடித்தவர்கள் சுமார் 23,000. ஒரு பேராசிரியர் வாழ்நாளெல்லாம் வகுப்பெடுத்தாலும் அத்தனை பேரைப் பார்க்க முடியாது என்பது நியாயமான வாதம்தான். எட்டிப் பார்க்க மட்டும் வந்தவர்களைத் தோற்றவர்களாக எண்ணுவதும் முறையல்ல. ஆனால் அந்தப் பாடத்தை நடத்திய செபாஸ்டியன் த்ரன் நிறுவிய உடாசிட்டி என்ற இணையக் கல்வி நிறுவனம், 2013-ல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அடிப்படைக் கணிதம் கற்பித்தபோது தேர்ச்சி மிகவும் குறைந்தது. சில மாதங்களிலேயே முயற்சி நிறுத்திவைக்கப்பட்டது. தானே படிக்கத் தெரிந்தவருக்குத் திரை போதும். அது தெரியாதவர்களுக்காகத்தானே பள்ளியும் கல்லூரியும்? 2003-ல் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் தொடங்கிய என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டம் இதை உணர்ந்தே வளர்ந்திருக்கிறது: 2014 முதல் சான்றிதழ் வேண்டுவோர் வாராந்தர ஒப்படைப்பு முடித்து, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதுகிறார்கள்; வழிகாட்ட உள்ளூர்க் கல்லூரிகளிலும் ஆசிரியர்கள் உண்டு.

இவ்வளவு பெரிய நாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆள் வைத்துத் திருத்தக் கட்டுப்படியாகாது என்பதுதான் வலுவான மறுப்பு. பெருந்தொற்றுக் காலத் தமிழ்நாட்டில் அதற்கு ஓரளவு பதில் கிடைத்தது. கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே வந்திருந்தது. பாடம் வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆயினும் 2021-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, தெருவுக்குத் தெரு மாலை வேளையில் பிள்ளைகளோடு உட்காரத் தன்னார்வலர்களைத் தேட வேண்டியிருந்தது. பள்ளிகள் திறந்தபின் பிள்ளைகள் மீட்டெடுத்த கற்றலில் ஏறத்தாழக் கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது என்று கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் கணித்தார்கள். எனவே கட்டுப்படியாகும், எவ்வளவுக்கு என்பதுதான் நெருடுகிறது. அந்தத் தன்னார்வலர்களுக்கு அரசு தந்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்.