தொட்டியின் உயரத்தை யார் தீர்மானித்தது?

வீட்டு ஹோலில் பெரிய மீன் தொட்டி ஒண்டு வைக்க வேணும் எண்டு வெளிக்கிடுற ஆக்கள் முதலில் கேட்கிறது "எத்தனை லீற்றர்?" எண்டுதான். கடைக்காரரும் லீற்றரில்தான் பதில் சொல்லுவார். ஆனால் மீனுக்கு லீற்றர் கணக்கு மட்டும் காணாது. அதே தண்ணியை நீளமாகப் பரப்பவும் முடியும், உயரமாக அடுக்கவும் முடியும். இதில் எது மீனுக்கு நல்லது என்பது 170 வருடங்களுக்கு முன்னரே ஓரளவு தெரிந்த விசயம். அது எப்படி மறந்துபோனது என்பதுதான் கதை.

தங்கமீனை வளர்க்கும் பழக்கம் சீனாவில் இருந்து வந்தது. மிங் அரசர் காலத்தில் அங்கே அகன்ற மண் தாழிகளிலும் பீங்கான் தாழிகளிலும் வளர்த்தார்கள். 1596இல் தங்கமீனுக்கென்றே ஒரு தனி நூல்கூட எழுதப்பட்டது. தாழிக்குக் கண்ணாடிச் சுவர் இல்லை, மேலே நின்றுதான் பார்க்க வேண்டும். ஆகவே முதுகின் நிறமும் வாலின் விரிவும் வடிவாக இருக்கிற மீன்களையே தெரிந்தெடுத்துப் பெருக்கினார்கள். தாழி அகலமாக இருந்தது பார்க்கிறவருடைய கண்ணுக்காக. ஆனால் அதே அகலம் மீனின் மூச்சுக்கும் உதவியது. தண்ணீருக்குள் ஒட்சிசன் இறங்குவதும் காபனீரொட்சைட்டு வெளியேறுவதும் பெரும்பாலும் மேற்பரப்பால்தான்.

ஐரோப்பாவுக்குப் போன தங்கமீன் உருண்டைக் கண்ணாடிக் குடுவைக்குள் விழுந்தது. இதைவிட மோசமான வடிவத்தை யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். வாய்வரை நிரப்பினால் மேற்பரப்பு ஒரு சோற்றுக் கோப்பை அளவுக்குச் சுருங்கிவிடும்.

1846இல் அன்னா தின் என்ற பெண் கடற்கரையில் இருந்து பவளப் பூச்சிகளை லண்டனுக்குக் கொண்டுபோய் உயிரோடு வைத்திருந்தார். எப்படி? வீட்டு வேலைக்காரப் பெண் திறந்த யன்னலோரம் நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொன்றுக்கு நாளாந்தம் ஊற்றிக்கொண்டே இருந்தார். இண்டைக்கு எங்கட தொட்டிக்குள் குமிழி விடுகிற மோட்டார் செய்கிற வேலை அது. அந்த வேலைக்காரியின் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை.

அவருடைய கையை நம்பாமல் தொட்டியே தன்னைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று தேடியவர் ரொபர்ட் வாரிங்டன். லண்டனில் இருந்த இரசாயனவியலாளர். சுமார் 12 கலன், அதாவது 54 லீற்றர் அளவான கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டே இரண்டு சின்னத் தங்கமீன்களையும், நீளமான பட்டி போன்ற இலையுள்ள வலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, நத்தை முட்டைகளை மீன் தின்றது, தண்ணீர் தெளிந்தது. 1850இல் இதை அவர் வெளியிட்டார். 54 லீற்றருக்கு இரண்டு மீன்! இண்டைக்குக் கடையில் பத்துப் பன்னிரண்டு போட்டுத் தருவார்கள்.

வாரிங்டன் அதோடு நிற்கவில்லை. குளத்தில் வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது, நாலு பக்கமும் கண்ணாடி வைத்தால் பாசி பிடிக்கும், தண்ணீரும் சூடேறும் என்று கண்டார். ஆகவே முன்பக்கம் மட்டும் கண்ணாடி, பின்பக்கம் சரிவாக ஏறிப்போகிற கற்பலகை என்று ஒரு தொட்டியை வடிவமைத்தார். அடி ஒடுக்கம், மேற்பரப்பு அகலம். என் பார்வையில், மீனின் பக்கம் நின்று அளவு எடுத்த முதல் வீட்டுத் தொட்டிகளில் ஒன்று அதுதான்.

ஆனால் வென்றது அது இல்லை. பிரித்தானியாவில் கண்ணாடி வரி 1845இல் நீங்கியிருந்தது, கண்ணாடி மலிந்தது. 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் மண்டபம் திறந்தது. அடுத்த வருடம் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய 'தி அக்குவேரியம்' வந்ததும் நடுத்தர வர்க்கத்து வீடெல்லாம் தொட்டிப் பைத்தியம் பிடித்தது. மீன் தொட்டி ஒரு தளபாடம் ஆகியது. பார்வை மேலிருந்து பக்கத்துக்கு மாறியது. பக்கத்தால் பார்க்கிறவருக்கு உயரம் ஒரு படம் மாதிரி, அகலம் கண்ணுக்கே தெரியாது. தெரியாத பக்கத்துக்கு யார் காசு செலவழிப்பார்?

இருபதாம் நூற்றாண்டில் மின்சார மோட்டார் வந்த பிறகு மேற்பரப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத மாதிரி ஆகிவிட்டது. இரும்புச் சட்டமும் புட்டியும் வைத்துக் கட்டின தொட்டிகளுக்குப் பதிலாக, 1960களில் சிலிக்கோன் பசையால் ஒட்டின முழுக்கண்ணாடித் தொட்டிகள் வந்தன. விரும்பின அளவில் செய்யலாம். கரண்ட் இருக்கும் மட்டும் எல்லாம் சரி. 2022 மார்ச் கடைசியில் எங்கட நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதே, அப்படியான நேரத்தில் மீனுக்கு மிஞ்சுவது மேற்பரப்பு மட்டும்தான்.

கணக்காகவே பாருங்கோ. 120 சென்ரிமீற்றர் நீளம், 60 அகலம், 50 உயரம் என்றால் 360 லீற்றர். 100 நீளம், 45 அகலம், 80 உயரம் என்றாலும் அதே 360 லீற்றர்தான். முதல் தொட்டியின் மேற்பரப்பு 0.72 சதுர மீற்றர், இரண்டாவதில் 0.45. நீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடுவதால், முதல் தொட்டியின் முன் கண்ணாடியில் ஏறக்குறைய 150 கிலோ பாரத்துக்குச் சமமான விசை விழும். இரண்டாவதில் கண்ணாடி நீளம் குறைந்திருந்தும் 320 கிலோ. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் விசை நாலு மடங்காகும். உயரமான தொட்டிக்குத் தடித்த கண்ணாடி கேட்கிறதும் விலை ஏறுகிறதும் இதனால்தான்.

அகலத்தின் அருமைக்கு அமெரிக்காவின் நாலடித் தொட்டிகள் நல்ல சாட்சி. அங்கே பிரபலமான 55 கலன் தொட்டியும் 75 கலன் தொட்டியும் நீளத்திலும் உயரத்திலும் ஒண்டுதான். முதலாவதின் அகலம் 13 அங்குலம், மற்றதினது 18. அந்த 5 அங்குலத்தில்தான் முழு வித்தியாசமும் இருக்கிறது. ஒஸ்கார் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். 13 அங்குலத்துக்குள் அது திரும்புவதற்கு உடம்பை மடிக்க வேண்டும். கடையில் வாங்கேக்க விரல் நீளத்தில்தான் இருக்கும், அதுதான் பிரச்சினை. அரோவனா இன்னும் மோசம், மூன்றடி வரை போகும். அதற்கு இரண்டடி அகலமும் காணாது.

சின்ன மீன் கூட்டத்துக்கு வேறு அளவு. தெரணியகல 1929இல் விபரித்த, எங்கட ஈரவலய ஓடைகளில் மட்டும் வாழ்கிற செர்ரி பார்ப் இண்டைக்கு உலகம் முழுக்கத் தொட்டிகளில் நீந்துகிறது. நிழல் விழுகிற, ஆழம் குறைந்த, மெதுவாக ஓடுகிற நீர் அதன் ஊர். அதற்கு 80 சென்ரிமீற்றர் உயரத்தால் ஒரு பயனும் இல்லை, நீளமும் செடியும் போதும்.

கடைசியாக இரண்டு அளவுகள். 360 லீற்றர் தண்ணீரே 360 கிலோ. கண்ணாடி, மணல், கல், மேசை எல்லாம் சேர்த்தால் 400ஐத் தாண்டும். மேல்மாடியில் வைக்கிறதெண்டால் வீடு கட்டினவரிட்ட ஒருக்காக் கேளுங்கோ. மற்றது உங்கட கை. சாதாரண ஆளுக்குத் தோளில் இருந்து விரல் நுனிவரை 70 சென்ரிமீற்றர் அளவுதான் வரும். தொட்டியின் அடியில் கழிவை எடுக்க வேண்டியது அந்தக் கையால்தான்.