வெள்ளணுவைக் கொன்ற நித்தியகல்யாணி

"மூலிகை எதிர்ப்பு சக்தியை ஏத்தும், அது ஏறினா கேன்சர் ஓடிடும்." இந்த மாதிரி வாட்ஸப் ஃபார்வர்டுகளில் தவறாமல் வரும் செடி நித்தியகல்யாணி. சுடுகாட்டுப் பூ என்றும் சொல்வோம், இலங்கையில் பட்டிப்பூ. அதிலிருந்து கேன்சர் மருந்து வந்தது உண்மைதான். ஆனால் வந்த வழி ஃபார்வர்டில் சொல்வதற்கு நேர் எதிர்.

கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கிறது. அங்குள்ள வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர் ராபர்ட் நோபிள். 1952ல் அவருடைய அண்ணன் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறையில் கொஞ்சம் இலைகள் வந்தன. அங்கே சர்க்கரை நோய்க்கு இதை டீ போட்டுக் குடிக்கிறார்கள், சோதித்துப் பாருங்கள் என்று. (இந்த கிளார்க்தான் காசு சுண்டிப் போட்டதில் தோற்று, இன்சுலின் கண்டுபிடிப்பில் சேரும் வாய்ப்பைத் தவறவிட்டவர் என்று ஒரு கதை உண்டு.) இலைகள் தம்பியின் ஆய்வகத்துக்குப் போயின.

சாற்றை எலிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். சர்க்கரை அசையவே இல்லை. ஊசியாகப் போட்டார்கள். அப்போதும் சர்க்கரை குறையவில்லை, ஆனால் ஒரு வாரத்துக்குள் எலிகள் செத்தன. விஷமா? அறுத்துப் பார்த்தால் உடம்பெல்லாம் பாக்டீரியா தொற்று. ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை காலி. அதாவது இந்த மூலிகை எதிர்ப்பு சக்தியை ஏற்றவில்லை, அடியோடு சாய்த்துவிட்டது!

எங்கள் தொழிலில் என்றால் 'டெஸ்ட் ஃபெயில்' என்று டிக்கெட்டை மூடியிருப்போம். நோபிள் மூடவில்லை. வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய், அதற்கு இது உதவாதா என்று யோசித்தார். 1954ல் வேதியியலாளர் சார்லஸ் பீர் வந்து சேர்ந்தார். இலையில் அந்தப் பொருள் இருந்ததோ துளியூண்டு. 1958ல் அதைத் தனியாகப் பிரித்துவிட்டதாக அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அதே செடியை அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனியும் சர்க்கரை நோய்க்காகத்தான் எடுத்திருந்தது. அவர்களிடமிருந்து வின்கிரிஸ்டின் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தரும் மருந்து.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்குழல்களை இந்த மருந்துகள் உருவாகவிடாது. செல் நடுவழியில் நின்று சாகும். வேகமாகப் பெருகும் எதுவும் மாட்டும், மஜ்ஜையும்தான்.

கதை இங்கேயும் நேராகப் போகவில்லை. மிகக் குறைந்த அளவு வின்பிளாஸ்டினை எலிகளின் தோல் புற்றுக்கட்டிக்குள்ளேயே செலுத்தியபோது, எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் செல்கள் முதிர்ந்து எதிர்ப்பாற்றல் தூண்டப்பட்டதாக 2009ல் ஓர் ஆய்வு வந்தது. அளவு மாறினால் வேலையும் மாறுகிறது. ஆனால் அது எலியில், ஊசியால், அளந்து கொடுத்தது. கொல்லையில் பறித்த இலைக் கஷாயத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளப்பது?

இன்றும் ஒவ்வொரு வின்பிளாஸ்டின் ஊசிக்கு முன்னாலும் ரத்தம் எடுத்து வெள்ளணுவை எண்ணுகிறார்கள். ரொம்பக் குறைந்திருந்தால் ஊசி தள்ளிப் போகும்.